நலம் என்று எழுதாதவள்

நல்லேப்பிள்ளி
6 ஜனவரி 2025

என் அம்மிணி பிரதீபாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். இங்கு இரண்டாம் போக நெல் பால் பிடித்து நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இரவு பகலாக வீசுகிறது. உன் அம்மா கொடியில் துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்கிறாள். தண்ணீர் கலந்த பாலைத் திருப்பி அனுப்பியதற்காக இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதில்லை. பால் சங்கத்துச் செயலாளராக இருப்பவன் எல்லோருடைய அன்புக்கும் ஆசைப்படக் கூடாது.

தீபாவளிக்கு வந்த நீ மறுநாளே கிளம்பிவிட்டாய். "பொண்ணு ஒறம்பறையாட்ட வந்துட்டுப் போகுது" என்று, ஏதோ விருந்தாளியைச் சொல்வதுபோல், உன் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் சிவப்பிரகாஷுக்கு, நீ வேலை பார்க்கும் ஆனைக்கரையிலேயே வனிதாவைப் பேசி வைத்திருக்கிறோம். தை பிறந்ததும் நிச்சயம். இந்த நிலையில், ஆனைக்கரைக்குப் போய்வரும் ஏலக்காய் வியாபாரி ஜோஸ், சங்கத்துக்கு வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "ஸாரே, கல்யாணப் பெண்ணை உங்க மகளோட ஆபீஸ் வாசல்ல கண்டேன். மகளைப் பாக்க வந்ததாயிருக்கும், அல்லே?"

வனிதா உன்னைப் பார்க்க வந்ததாக நீ எழுதவில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது உன் உத்தியோகம். அந்த வாசலுக்கு ஒரு பெண் வேறு எதற்காக வருவாள்?

இதைப் போனில் கேட்க முடியாது. நான் பேசும்போதெல்லாம் உன் அம்மா அருகில் இருக்கிறாள். ஆகவே எழுதிக் கேட்கிறேன். வனிதா பரிசோதனைக்கு வந்தாளா? வெளியில் சொல்லக் கூடாது என்ற விதி உனக்கு இருப்பது எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு வழி யோசித்திருக்கிறேன். அவள் வரவில்லை என்றால் "நலம்" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. வந்திருந்தால் அந்த வார்த்தையை எழுதாதே. நீ விதியை மீறியதாகவும் ஆகாது. நான் அறியாதவனாகவும் இருக்க மாட்டேன்.

கல்யாணத்தில் இணைச்சீருக்குக் கூடப்பிறந்தவளாக அண்ணன் பக்கத்தில் உட்காரப் போகிறவள் நீ. அவன் வாழ்வு நன்றாக அமைவதில் எங்களைவிட உனக்குப் பொறுப்பு அதிகம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அப்பா
ஈஸ்வரமூர்த்தி


ஆனைக்கரை
13 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வழக்கமாக எழுதும் முதல் வார்த்தையை இன்று விட்டுவிட்டேன். அதை நீங்கள் சங்கேதமாக்கிவிட்டீர்கள். இனி எனக்குக் காய்ச்சல் இல்லை என்பதைக்கூட உங்களுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வந்தாள் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. வராத ஒருத்தியை வரவில்லை என்று சொல்வதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். இன்று ஒருத்தியைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டால், நாளை இன்னொருத்தியைப் பற்றி நான் வாய் திறக்காதபோது அதுவே 'வந்தாள்' என்றாகிவிடும். அதனால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதற்கில்லை, அப்பா. நீங்கள் ஒருவர் பாலை இன்னொருவர் எதிரில் குறை சொல்ல மாட்டீர்கள். அதுபோலத்தான் இதுவும்.

பொதுவாக ஒன்று எழுதுகிறேன். இதில் யாரையும் தேடாதீர்கள். இங்கே இளம் பிள்ளைகளுக்கு நோயைவிட, யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம் பெரிது. மெடிக்கல் ஷாப்பில் ஆணுறை கேட்க நின்று, கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பதால் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். போதை மருந்துக்குக் கூட்டாளிகள் ஒரே ஊசியைக் கை மாற்றிக்கொள்கிறார்கள், ஒருவன் வேறு ஊசி கேட்டால், "என்னடா, எங்க மேல சந்தேகமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அவனும் கையை நீட்டுகிறான். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் "டெஸ்ட் எடுத்தாயா?" என்று கேட்டால் தன்னையே தப்பாக நினைப்பான் என்று பெண்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நல்ல மருந்து இருக்கிறது. நேரத்தோடு வருகிறவர்கள் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். ஆனால் வர வேண்டுமே. வந்தது வெளியே தெரியாது என்று நம்பித்தான் வருகிறார்கள்.

பொங்கலுக்கு வர முடியாது. இங்கே சாயங்காலம் மலையிலிருந்து பனிமஞ்சு இறங்கியதும் எல்லாம் அடங்கிவிடும். சில நாள் நம் வீட்டுக் காற்று கேட்பது போலிருக்கும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தப் பார்ப்பேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஒறம்பறைக்கு வீட்டு நினைப்பாகவே இருக்கிறதென்று.

உங்கள்
பிரதீபா


நல்லேப்பிள்ளி
24 ஜனவரி 2025

பிரதீபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்ட வார்த்தை அதில் இல்லை. வனிதா வந்திராவிட்டால் நீ இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டாய் என்பதை அறிய எனக்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வனிதாவின் தந்தைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, நாகரிகம் கருதி.

உன் அண்ணன் என் எதிரில் நின்று குரலை உயர்த்திப் பேசினான். "ஏனுங்கப்பா, அந்தப் புள்ள போயிருந்தா என்னங்க? போகலீன்னா என்னங்க? நானு கோயமுத்தூர்ல நாலு வருசம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தனே, எங்கெங்க போனேன், எவங்கூடச் சேர்ந்தேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்றான். கோபத்தில் பேசுகிறவனுக்கு நான் பதில் சொல்வதில்லை.

வேறு இடம் அமைந்தால், இணைச்சீருக்கு உன் சித்தப்பா மகள் தமிழ்ப்ரியா உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். குடும்பத்தைவிட அலுவலகம் பெரிதென்று நினைப்பவளை அந்த இடத்தில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு
ஈஸ்வரமூர்த்தி


ஆனைக்கரை
16 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

நீங்கள் காரணம் சொல்லவில்லை. ஆகவே ஊரே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டது.

வனிதாவின் அம்மா முத்தாத்தாள் என் அறைக்கே வந்துவிட்டார். "ஏம்மிணி, உங்கொப்பங்கிட்ட என்னன்னு சொன்னே? எம்புள்ள உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை என்றேன். "சொல்லாதயா அவரு முறிச்சாரு?" என்று கேட்டுவிட்டு, கதவைத் திறந்துபோட்டே போனார். நான் செய்ததெல்லாம் உங்களிடம் சொல்லாமல் இருந்ததுதான். அதையே நான் சொன்னதாக நீங்கள் மாற்றிவிட்டீர்கள்.

இப்போது பரிசோதனைக்கு யாரும் வருவதில்லை. கடைவீதியில் என் பின்னால் நடந்துவந்த ஒரு பையன் தன் சிநேகிதனிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்தச் சேச்சிகிட்ட மட்டும் போயிராத. எல்லாத்தையும் வீட்டுக்கு எழுதிப் போட்டுரும்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. நான் வீட்டுக்கு எழுதுகிறவள்தான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் நீங்கள் அதில் ஒன்றைப் படித்துவிடுகிறீர்கள். ஆகவே இனி எழுத மாட்டேன். போனிலும் பேச மாட்டேன். கோபத்தால் அல்ல, அப்பா. கோபமாக இருந்தால் இவ்வளவு வலிக்காது.

பிரதீபா


நல்லேப்பிள்ளி
20 மார்ச் 2025

அம்மிணி,

பிப்ரவரிக் கடைசியில் நான் அனுப்பிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அறுவடை முடிந்தது. வெயில் கடுமை. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மா அதற்குப் பெயர் வைக்காமல், "அம்மிணி வந்து வெக்கட்டும்" என்கிறாள். கன்று அதுவரை கன்றாகவே இருக்குமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிவப்பிரகாஷ் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிட வருகிறான். தபால்காரர் சங்கத்து வாசலைக் கடக்கும் நேரத்தில் எனக்கு வெளியே ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

அப்பா


நல்லேப்பிள்ளி
17 ஏப்ரல் 2025

என் கண்ணு பிரதீபாவுக்கு,

இக்கடிதத்தில் உன் அண்ணனைப் பற்றி எழுதியிருப்பது அவனுடைய அனுமதி பெற்று எழுதியது.

விஷு கழிந்த மறுநாள் அவன் என்னிடம் வந்து, "பாலக்காட்டுக்கு டெஸ்ட் எடுக்கப் போறனுங்க. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது. நீங்க வாறீங்களா?" என்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அங்கே ஆஸ்பத்திரி மாடியில், அவன் பரிசோதனை அறைக்குள் போனான். நான் வெளியே பெயர்ப் பலகையின் கீழே உட்கார்ந்திருந்தேன். நம் வாய்க்கால் கமிட்டி கோபிநாத் அந்த வழியாக வந்தார். "என்னங்க செயலாளரே, இங்க உக்கோந்திருக்கீங்க?" என்றார். "பிரஷர் பாக்க வந்தனுங்க" என்றேன். "பிரஷர் பாக்கறது கீழதானுங்க!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். ஐம்பது வயதில், எந்தத் தவறும் செய்யாத நான், அந்தப் பலகையின் கீழே உட்கார்ந்திருந்ததற்காகப் பொய் சொன்னேன். எனக்கு வியர்த்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் உனக்கு எழுத வேண்டியது. இரண்டு பையன்கள் படியேறி வந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள். காலையில் சங்கத்துக்குப் பால் கொண்டுவருகிறவர்கள். என்னைக் கண்டதும் நின்றார்கள். ஒருவன் மற்றவன் கையைப் பிடித்து, "செயலாளர்டா, வா போலாம்" என்றான். திரும்பி வேகமாக இறங்கினார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க நான் எழுந்து பின்னால் போனேன். எனக்குப் பயந்து ஓடியவர்கள், நான் துரத்துவதாக எண்ணி இன்னும் வேகமாக ஓடினார்கள். அவர்கள் அங்கே மீண்டும் போனார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்க முடியாது. இன்று காலையும் பால் கொண்டுவந்தார்கள். நான் தலை நிமிராமல் அளந்து வாங்கினேன்.

"அங்க நம்மூருக்காரங்க ஆராச்சும் வந்திருந்தாங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். ஒருவரும் இல்லை என்றேன். இந்தப் பொய்க்கு வியர்க்கவில்லை.

சிவப்பிரகாஷின் முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை. அன்றிரவு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

நேற்று ஆனைக்கரைக்குப் போய் வந்தேன். வனிதாவின் வீட்டில், நீ எனக்கு எதுவும் எழுதவில்லை என்பதையும், எழுதாததைப் படித்தவன் நான்தான் என்பதையும் அவளுடைய பெற்றோர் முன்னிலையில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய தந்தை காபி கொடுத்தார்; பதில் கொடுக்கவில்லை. முத்தாத்தாள் வெளியே வரவே இல்லை. வாசல்வரை வந்த வனிதா, "பஸ்ஸு வந்திரும், போயிட்டு வாங்க மாமா" என்றாள். அந்த 'மாமா'வுக்கு என்ன பொருள் கொள்வதென்று நான் யோசிக்கவில்லை. வார்த்தைகளுக்குப் பொருள் கண்டுபிடிப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

திரும்பும்போது பேருந்து உன் அலுவலகத்துக்கு எதிரே நின்றது. உன் செருப்பு வாசலில் கிடந்தது. இறங்கினால் நான்கே எட்டு. ஆனால் ஆலோசனை சொல்கிறவளின் அப்பாவே வந்து விவரம் கேட்டுவிட்டுப் போனார் என்று மறுபடியும் பேச்சு வரும். வாசலில் யாரோ நின்றிருந்தார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேருந்து புறப்படும்வரை திரும்பவே இல்லை. அதனால் நீ வெளியே வந்தாயா என்பதும் எனக்குத் தெரியாது.

இனி உன் வேலையைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன். கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. எப்போது வருகிறாய்? இதற்குப் பதில் சொல்ல உன் விதியில் தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

உன்
அப்பா