மூதுரிமைத் துறப்புக் கடிதம்

ஜூன் 12, திங்கள்

காலையிலிருந்தே சுள்ளென்று வெயில். காற்றும் உண்டு, வாயெல்லாம் மண். மேட்டூர் அணை திறந்திருக்க வேண்டிய நாள். திறக்கவில்லை. ஒரு வாரமாகத் தெரிந்த சேதிதான். ஆனாலும் ஊரே பாலத்தில் நின்று காவிரியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. நானும்தான். மணல், இரண்டு நாய், ஒரு லாரி.

நாற்றுக்கு இன்று பதினாறு நாள். இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட வேண்டும். சேறடிக்க ஆற்றுத் தண்ணீர் கிடையாது, போர்வெல்தான். போருக்கு டீசல் என்ஜின். என்ஜினுக்குக் கைப்பிடி சுற்ற நான். வலது தோள் போன குறுவையிலிருந்தே சரியில்லை.

நாளைக்கு:
டீசல், இரண்டு கேன்.
என்ஜின் பெல்ட் பார்க்கச் சொல்ல.
காவ்யா ஹாஸ்டலுக்கு ஊறுகாய்.
ஈ.பி. ஆபீஸ்.

ஜூன் 13, செவ்வாய்

ஈ.பி. ஆபீஸ். அங்கே மட்டும் காற்றாடி எப்போதும் ஓடும். இலவச விவசாய இணைப்புக்கு விண்ணப்பம் போட்டு பத்தொன்பது வருஷம். வருஷம் ஒரு தடவை போய், வரிசையில் இருக்கிறேனா என்று பார்த்து வருவேன். கோயிலுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

கிளார்க் நோட்டைப் புரட்டினார். "உங்களுக்கு முன்னால இன்னும் பதினோரு பேர்ம்மா."

"போன வருஷம் பதினாலுன்னீங்க."

"அப்ப நகருதுல்ல."

வந்துவிட்டேன்.

நிலம் என் பேரில். அப்பா எழுதி வைத்தது, ஒன்பது மா, மூன்று ஏக்கர். விண்ணப்பமும் என் பேரில். போட்டபோது காவ்யா வயிற்றில். அவள் பிறந்த ஆறாம் மாதம் இவர் அபுதாபிக்குப் போனார். பஸ் ஏறும்போது சொன்னது: "கரண்ட் வந்ததும் வந்துடறேன். மோட்டாரப் போட்டுட்டு ஊர்லயே இருந்துடலாம்." ஆக நான் வரிசையில் நிற்பது மோட்டாருக்கு மட்டும் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

டீசல் வாங்கியாயிற்று. பெல்ட் மறந்துவிட்டேன்.

ஜூன் 14, புதன்

சோலார் பம்ப் கம்பெனி ஆள் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, டை. ஹாஜா பாய் வயலைப் பார்த்துவிட்டு நேரே இங்கே. ஹா.பா. சவூதியிலிருந்து திரும்பியவர், எனக்குக் கிழக்கு வயல். ஊரில் முதல் சோலார் அவருடையது. போன மாசி மாதம் போட்டார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. இருவத்தஞ்சு வருசம் அப்படியே ஓடுமுங்க."

"நீங்க அதுவரைக்கும் இங்க இருப்பீங்களா?"

சிரித்தார். மானியம், அது இது என்று வழவழவென்று ஒரு தாள் கொடுத்தார். படத்தில் பச்சை வயல், வெள்ளை வேட்டி, பல் தெரியச் சிரிக்கிற விவசாயி. அந்த வேட்டியோடு யாரும் வயலில் இறங்க மாட்டார்கள்.

கடைசியில் பையிலிருந்து இன்னொரு தாள் வந்தது. மானியம் வேண்டுமென்றால் ஈ.பி. வரிசையை விட்டுவிட வேண்டுமாம். "மூதுரிமையைத் துறக்கிறேன்" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பத்தொன்பது வருஷம் நின்றவளைப் பார்த்து, தள்ளிப் போ, அதோ வெயில் இருக்கிறது எடுத்துக்கொள் என்கிறார்கள். துறப்பதற்கு நான் என்ன சாமியாரா?

"யோசிச்சு வையுங்கக்கா" என்றார். மோர் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கொடுக்கவில்லை.

ஜூன் 16, வெள்ளி

இவருக்கு லீவு நாள். பதினொரு மணிக்குப் போன். சோலார் சேதி எப்படியோ அங்கே போய்விட்டது. சந்தோஷத்தில் குதிக்கிறார்.

"போட்டுடு தமிழு. யோசிக்காத. இங்க பாலைவனம் பூரா பேனல்தான். ஒரு ஊருக்கே கரண்ட் போவுது."

இரண்டு வருஷமாக இவருக்கு அந்தப் பேனல் வயலில்தான் வேலை. ஊரில் 'சோலார் இன்ஜினியர்' என்று பேச்சு. நான் மறுப்பதில்லை. உண்மையில் நீளக் கம்பில் துடைப்பான் கட்டி மணல் துடைக்கிற வேலை. ஒரு தடவை போட்டோ அனுப்பினார், தலையில் துண்டு, முதுகு வளைந்து. அதை யாருக்கும் காட்டவில்லை.

"மேகம் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"இங்க மேகமே கிடையாது."

"இங்க இருக்கு."

பிறகு காவ்யா படிப்பு, அவருடைய ரூமில் மூட்டைப்பூச்சி. வைத்துவிட்டார்.

ஜூன் 17, சனி

ஒரு முடிவு. யார் சொல்வதையும் நம்பப் போவதில்லை, நானே பார்ப்பேன். ஹா.பா. வரப்பில் குடையோடு உட்கார்ந்தேன். அவர் நோன்பு, ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் மடை திருப்பிக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, பரிட்சைக்கு சூப்பர்வைசரா?" என்றார்.

மூன்று மா வயல், சோலார்:
7.15 - சொட்டு. குழந்தை மூத்திரம்.
8.30 - பரவாயில்லை.
9.20 முதல் - முழு வீச்சு.
12.10 - தண்ணீர் கடைசி வரப்பைத் தொட்டது.
2.00 - சின்ன மேகம். நிற்கவில்லை, மூச்சு வாங்கியது. ஐந்து நிமிடத்தில் சரி.
4.40 - போதும் என்றது.

அதே நாள் மேற்கு வயல் கலியபெருமாள், இலவச இணைப்பு, அவர் அப்பா காலத்தது:
9.00 - மோட்டாருக்கு வர வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் வரவில்லை.
9.50 - வந்தது.
11.15 - போனது.
11.40 - வந்தது. ஆனால் வோல்டேஜ் இல்லை, மோட்டார் உறுமியது, ஓடவில்லை.
12.30 - ஓடியது. 3 மணிக்குக் கரண்ட் ஷிப்ட் முடிந்தது. மூன்று மா நிரம்பவில்லை.

எழுதவே பிடிக்கவில்லை. பார்த்ததை மாற்றி எழுதவும் முடியவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

மேகம். காலையிலிருந்து மூட்டம், மழை மட்டும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். குடை எடுக்காமல் போனேன்.

சோலார்: பத்தரை வரை பூஜ்யம். மதியம் அரை வீச்சு. முக்கால் மணி நேரத்தில் அதுவும் போச்சு. அரை மாகூட நனையவில்லை.
கலியபெருமாள்: 9.05 முதல் 3 மணி வரை நிற்காமல் ஓட்டம்.

"பாத்தீங்களா பாய்?"

"பாத்தேன்மா. இன்னிக்கு உனக்குப் பெருநா."

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதர் வயல் காய்வதில் எனக்கென்ன சந்தோஷம்.

ஜூன் 20, செவ்வாய்

என்ஜின் பெல்ட் அறுந்தது. 13ஆம் தேதியே மாற்றியிருக்க வேண்டியது. புது பெல்ட் திருக்காட்டுப்பள்ளியில் இல்லை, தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும், நாளை மறுநாள். நாளை நடவு. ஆள் பன்னிரண்டு பேர் சொல்லியாயிற்று. நாற்று இருபத்து நாலு நாள்.

கலியபெருமாளிடம் கேட்டேன். "என் வயலுக்கே பத்தல" என்றார். பொய் இல்லை.

வயர்மேன் குணசேகரன் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போட வந்தவர். பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் ஒழுங்காக வருகிறது, ஒரு நாள் இல்லை, என்ன கதை என்று.

"தெக்க, மேக்க காத்தாலைல காத்து அடிச்சா நமக்கு ஒழுங்கா வரும்க்கா. ஞாயித்துக்கிழமை நல்ல காத்து, லீவு நாளு வேற, பாக்டரி ஓடல. காத்து படுத்துச்சுன்னா மேலேருந்து போன் வரும், முதல்ல உங்க வயக்காட்டு பீடர் லைனத்தான் நிறுத்தச் சொல்லுவாங்க."

"நான் கேக்கறது ஈ.பி. கரண்ட்டு."

"அதேதாங்க்கா. காத்து, நிலக்கரி, தண்ணி, வெயிலு, எல்லாம் ஒரே கம்பிலதான் வருது. உங்களுக்குன்னு தனியாவா காய்ச்சி ஊத்துவாங்க?"

அப்படியானால் அந்த வரிசையின் கடைசியிலும் ஒரு காற்றாடிதான். கலியபெருமாளுக்கும் அதே கதிதான். இத்தனை வருஷம் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. கேட்டதும் இல்லை நான். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை, குணசேகரன் மேல் காட்டினேன். பாவம், ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 21, புதன்

வெயில். ஹா.பா. கேட்காமலே மடையை என் பக்கம் திருப்பி விட்டிருந்தார். ஒன்பதரையிலிருந்து இரண்டு வரை. சேறடித்து மூன்று மா நட்டாயிற்று. மீதி ஆறு மா நாளைக்கும் மறுநாளும்.

நான் திட்டிய தண்ணீரில் என் நடவு. நன்றி சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்க அவர் வீட்டுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுபோனேன், இவர் போன தடவை கொண்டு வந்தது. அதுவே மூன்று வருஷம் ஆகிறதோ? இல்லை, இரண்டரை.

அங்கே அவர் சம்சாரம் நோன்புக்கஞ்சி கொடுத்தார். ஊரை நினைத்து வேலையை விட்டு வந்தவர் பாய் என்றுதான் இங்கே பேச்சு. நானும் அதைச் சொன்னேன். சம்சாரம் சிரித்துவிட்டார்.

"யாரு வேலையை விட்டா? விசாவை முடிச்சு அனுப்பிட்டாங்க. வந்து ரெண்டு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

பாய் மறுக்கவில்லை. "தானா யாரு வருவா, தங்கச்சி?" என்றார், கஞ்சியை ஊதிக்கொண்டே.

ஜூன் 23, வெள்ளி

நடவு முடிந்தது. உடம்பெல்லாம் வலி. காவ்யா போன் பண்ணவில்லை, பரிட்சையாம்.

இவர் பேசினார். மறுபடி சோலார். எந்தக் கம்பெனிப் பேனல், எத்தனை வாட், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். துடைக்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. குரலில் அவ்வளவு உற்சாகம், கல்யாணம் ஆன புதிதில் கேட்டது.

நான் கேட்டேன். நேராகவே. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

"வரிசைய விட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன். பம்ப் ஒரு மாசத்துல வந்துடும்கறாங்க. நீங்க எந்த மாசம் வருவீங்க?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"காவ்யா படிப்பு முடியட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அப்பறம் பாக்கலாம். நீ மொதல்ல, பழுதானா மாத்திவிட ஒரு பைபாஸ் சுவிட்ச் வச்சுத் தருவாங்களான்னு கேளு."

வைத்துவிட்டேன்.

இப்போது புரிகிறது. எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். அந்த வரிசை அவருக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது. கரண்ட் வரவில்லை, அதனால் நான் வரவில்லை என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். எனக்கும்தான். கரண்ட் வரவில்லை, அதனால் அவர் வரவில்லை. ஈ.பி.க்காரனைத் திட்டிக்கொண்டே இருவரும் காலத்தை ஓட்டிவிட்டோம். போன வருஷம் முன்னால் பதினாலு பேர் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அது ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

சோலார் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்பதும் தெரிந்துவிட்டது. வந்துவிட்டால் காத்திருக்க ஒன்றும் இருக்காது.

ஜூன் 24, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நாற்று பச்சை பிடிக்கவில்லை இன்னும். பெல்ட் மாட்டியாயிற்று. தலைவலி.

ஜூன் 26, திங்கள்

பெருநாள். ஹா.பா. வீட்டிலிருந்து பிரியாணி. நான்கு ஆள் சாப்பிடுகிற தூக்கு. தனி ஆள் நான், தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். கலியபெருமாள் வீட்டுக்குப் பாதி.

மேகம் திரும்ப. பாயின் பேனல் சும்மா கிடந்தது. நடவுத் தண்ணீர் நிற்கிறது, அதனால் அவருக்குக் கவலை இல்லை. "மழைநாள்ல வெயில் எதுக்கு" என்றார். ஐப்பசியில் வயல் மூழ்கினால் தண்ணீரை வெளியே இறைக்க எதை வைத்து ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். "உன் என்ஜினத்தான்" என்றார். பெல்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்தச் சோலாரில் எனக்கு இன்னமும் நம்பிக்கை இல்லை. ஈ.பி.யிலும் இல்லை. இரண்டும் பாதிப் பாதி. பாதிக்காக யாரும் பத்தொன்பது வருஷம் நிற்க வேண்டியதில்லை.

ஜூன் 28, புதன்

வெயில், காற்று. நாற்று பச்சை பிடித்துவிட்டது.

வேளாண் பொறியியல் ஆபீஸ். கம்பெனி ஆள் அதே டையோடு நின்றிருந்தார். துறப்புக் கடிதம் இரண்டு பிரதி. கீழே பேனா வைத்துக் காட்டினார். எழுதும் முன் ஒரு தடவை முழுதும் படித்தேன். "முழு மனதுடன்" என்று இருந்தது. அதை அடிக்கலாமா என்று கேட்டேன். "அது பார்மேட்டுங்கக்கா" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். தமிழரசி, இனிஷியல் அப்பாவுடையது.

வெளியே வந்து புங்க மர நிழலில் நின்று இவருக்குப் போன் போட்டேன். நானாகப் பண்ணுவது வழக்கமில்லை. டூட்டி நேரம், எடுக்க மாட்டார் என்றுதான் பண்ணினேன். எடுத்துவிட்டார். மணல் காற்று, இரைச்சல்.

"விட்டுட்டேன். இனிமே வரிசையில நம்ம பேரு இல்ல. நமக்குக் கரண்ட்டு வராது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

காத்திருந்தேன். இனிமேல் அவர் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. அவருக்கும் அது தெரியும். ஒரு வார்த்தை, தை மாசம், அடுத்த வருஷம், எதையாவது சொல்லட்டும். பொய்யாக இருந்தாலும் சரி என்று நின்றேன்.

"நல்லதாப் போச்சு. ஓடறப்ப ஒரு வீடியோ எடுத்து அனுப்பு தமிழு. இங்க பசங்களுக்குக் காட்டணும்" என்றார்.