அவிஞ்ஞோன் கோயிலில் அண்ணியின் பெயரைக் கொடுத்தது யார்?

மோட்சத்தில் இருந்தாலும் சரி, இன்னும் வழியில் நின்றாலும் சரி, என் அன்புச் சவேரியண்ணைக்கு,

நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுதவில்லை, போன் இருக்க எழுத்து எதற்கு என்று விட்டவன். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும், லண்டனுக்குத் தெரியாது. ஆனாலும் இதை எங்கள் கோயில் மலரில் எல்லோரும் வாசிக்கத்தான் கொடுக்கிறேன். ஏனென்றால் நான் செய்யாத ஒரு காரியத்துக்கு லண்டனில் எங்கள் நோர்பரிச் சனம் முழுக்க என்னைப் புகழுகிறது.

செய்யாததற்குப் புகழ் வந்தால் இரண்டு கையாலும் வாங்குகிறவன் நான். இதை வாங்க மட்டும் எனக்குப் பயமாயிருக்கிறது, அண்ணை.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் ஜெனி நேர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். லீட்சில் வேலை கிடைத்தது. உங்கள் பிள்ளை என்பதால் கெட்டிக்காரி, என் பெறாமகள் என்பதால் இன்னும் கெட்டிக்காரி. ஆனால் வேலைக்குப் போகாமல் இழுத்துக்கொண்டு நின்றாள். காரணம் அண்ணி.

அண்ணிக்கு உடம்பில் வருத்தம் ஒன்றும் இல்லை. சமைப்பா, உடுப்புத் தோய்ப்பா, ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவா. அழமாட்டா, அவ்வளவுதான். உங்களை அடக்கம் பண்ணின அன்றும் தன் கையால் மண் போட்டுவிட்டு, "குளிருது, வாங்கோ" என்று காருக்கு நடந்தவ.

நீங்கள் தை மாதமே கண்ணை மூடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வன்னிப் போரில் நடந்ததைக் காணாமல் போனது உங்கள் பாக்கியம். எங்கள் தமிழ்ப் பூசையில் பெயர் வாசிக்கிறது தெரியும்தானே. இறந்தவர்களுக்கு ஒரு பக்கம், உயிரோடு இருக்கிறவர்களின் சுகத்துக்கு ஒரு பக்கம். இந்த வருடம் சனம் பூசை வைக்கிற சுவாமிக்கு முன்னால் பெயரோடு போய் நின்று தடுமாறியது. தம்பி எங்கே என்று தெரியாது, தமக்கை எங்கே என்று தெரியாது. எந்தப் பக்கம் கொடுப்பது? தகவல் இல்லாதவர்கள் எல்லோரையும் உயிரோடு இருக்கிறவர்கள் பக்கமே கொடுத்தார்கள். வேறு என்ன செய்வது?

அப்படி ஒரு ஞாயிறு சுவாமி அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டு போகையில், நடுவில் உங்கள் பெயரும் வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் பக்கத்தில். உங்கள் பெட்டியைத் தூக்கின ஆட்களும் அங்கே நின்றார்கள். கோயில் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்து, "அண்ணி, பெயர் பக்கம் மாறிப் போச்சுது" என்றேன்.

"மாறேல்லை தம்பி. அவர் அவிஞ்ஞோனிலை நிக்கிறார். அந்தக் காலத்திலையும் மாசக்கணக்கா தகவல் இல்லாமல் நிண்டவர்தானே. பேந்து வந்தவர்தானே?"

என் வாய் அடைபட்டதை ஜெனி அன்றுதான் முதன்முதல் கண்டாளாம்.

உண்மைதான். பிரான்சின் தெற்கில் அந்த நகரத்து ரெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவித்தானே உங்கள் இளமை கரைந்தது. அண்ணி கைப்பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் காத்திருந்தா. பாஸ்போட் கிடைத்து லண்டனுக்கு மாறின பிறகுதான் இருவரையும் கூப்பிட்டீர்கள். அண்ணி அந்த நகரத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டீர்கள்.

"சித்தப்பா, அம்மாவை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போவம்" என்றாள் ஜெனி. "சும்மா ஒரு வீக்கெண்ட், ஹொலிடே மாதிரி. அப்பா அங்க இல்லையெண்டு அவவே பார்க்கட்டும்."

"அங்க போய், நான் திரும்பி வரேல்லை எண்டு அம்மா நிண்டா?" என்றேன்.

"அப்ப நான் அம்மாவை இழந்துபோவன்" என்றாள்.

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டோம். கடையை என் மனிசியிடம் விட்டேன். அவிஞ்ஞோன் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நான் பாரிசில் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதது உங்களுக்கு மட்டும் தெரியும். இன்னொன்று, அங்கே பாப்பரசரின் அரண்மனை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பாப்பரசரைக் கண்டு கதைத்துவிட்டு வருகிறேன் என்று கோயிலில் சொல்லிவிட்டேன். எங்கள் பெண்கள் மந்திரிக்கச் சொல்லி ஒரு பை நிறையச் செபமாலை தந்துவிட்டார்கள்.

காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது பொய்யில்லை, அண்ணை. வானம் நீலமாய் இருக்கிறது, வெயில் எரிக்கிறது, ஒரு முகில் இல்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. என் கண்ணுக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டியையே தூக்கிக்கொண்டு போனது. அது பிளாஸ்டிக் பை என்று ஜெனி சொல்லுவாள். அவளுக்குக் கண் பார்வை குறைவு.

ரயிலடியில் இறங்கி நான் வரைபடத்தை விரித்தேன். காற்று அதைப் பறித்துக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணி நடந்துகொண்டிருக்கிறா. கோட்டை வாசலுக்குள்ளால் போய், பெரிய தெருவை விட்டு ஒரு ஒழுங்கைக்குள் திரும்பி, இன்னொன்றுக்குள் திரும்பி, தோர்ன்டன் ஹீத்தில் மீன் வாங்கப் போகிறவ மாதிரிப் போகிறா. லண்டனில் பஸ்சுக்குக்கூட ஜெனியின் கையைப் பிடிக்கிற மனிசி.

"அண்ணி! எங்க போறியள்?"

"கல்லிலை கவனம், தம்பி. அந்த இடத்திலை வழுக்கும்."

அண்ணி சொல்லி வாய் மூடவில்லை, எனக்கு வழுக்கியது. ஒழுங்கை முழுக்கக் காய்ந்து கிடக்க, அந்த ஒரு கல் மட்டும் ஈரம்.

கடைசியில் ஒரு சின்னச் சதுக்கத்தில் நின்றா. பச்சைக் கதவு பூட்டிக் கிடந்தது. "இவர் இதுக்குள்ளதான் நிண்டு கழுவினவர்" என்றா. போனில் வழி எல்லாம் சொல்லியிருப்பீர்கள் என்று ஜெனிக்குச் சொன்னேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். சொன்னீர்களா? அந்தக் கல்லையுமா?

அடுத்த நாள் மத்தியானம் மர நிழலில் மேசை போட்ட கடை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறுகிறவன் நாலு சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவந்து வைத்தான். நாங்கள் மூன்று பேர் என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். என் பிரெஞ்சைக் கேட்டு எழும்பி நின்றே மரியாதை செய்தான் பாருங்கோ. ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போனவன், திரும்பி வந்து நாலு கிளாசில் தண்ணீர் ஊற்றினான்.

"இருக்கட்டும்" என்றா அண்ணி. அந்த நாலாவது கிளாசைக் கொஞ்சம் தள்ளி, வெயில் படாத பக்கம் வைத்தா. ஜெனி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள்.

பிறகு அரண்மனை. லண்டனில் அவ்வளவு பெரிய வீடு ராணிக்கும் இல்லை. வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம், பாப்பரசர் எத்தனை மணிக்கு ஆட்களைச் சந்திப்பார் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், ஜெனியைப் பார்த்தாள்.

"சித்தப்பா, அவை இங்கயிருந்து போய் அறுநூறு வருசம்!"

"எனக்குத் தெரியாதே? வீட்டைப் பார்க்கத்தானே வந்தனாங்கள்" என்றேன். எங்கள் பெண்களுக்குப் பிறகு என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்க வேண்டாம். செபமாலைகளைத் தீர்த்தத் தொட்டியில் நல்லாய் நனைத்துத்தான் கொடுத்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை, அண்ணை. கதிரை இல்லை, கட்டில் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் மண்டபம், எல்லாம் வெறுங் கல். ஒரு பெரிய மண்டபத்தில் நாங்கள் மூவர்தான். எங்கள் காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. நான் நின்றேன். ஜெனி நின்றாள். அண்ணி நின்றா. சத்தம் இன்னும் கொஞ்சம் நடந்து வந்து, பிறகுதான் நின்றது.

"எதிரொலி" என்றாள் ஜெனி.

"ஆறுதலா மெல்ல வரட்டும், அவருக்கு முழங்கால் நோ" என்றா அண்ணி.

அதற்குப் பிறகு பாலம். ஆற்றின் நடுவில் முறிந்து நிற்கிற அந்தப் பாலத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள். முறிந்த பாலத்தை எங்கள் ஊரில் இலவசமாய்க் காட்டலாம். அண்ணி அதன் அந்தம் வரை போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. காற்று சேலையை ஆற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கீழே தண்ணீர் பச்சையாய், சத்தமில்லாமல், மிக வேகமாய் ஓடியது.

"அம்மா, வாங்கோ. ஐஸ்கிரீம் குடிப்பம்."

"நீங்கள் ரெண்டு பேரும் நாளைக்குப் போங்கோ" என்றா அண்ணி, திரும்பாமல். "நான் இவரோட நிக்கிறன். இவ்வளவு கிட்ட வந்திட்டு எப்பிடி விட்டிட்டு வாறது?"

ஜெனி அழுதாள். அண்ணி அவளுடைய கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டா. அன்பாய்த்தான் துடைத்தா. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் துடைக்கிற மாதிரி இருந்தது. நான் என்னென்னமோ பகிடி சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை.

ஞாயிறு காலை, ரயிலுக்கு முன்னால் பூசை. சின்னக் கோயில், அரைவாசி வாங்கு வெறுமை. பெயர்களை வாங்கிக்கொள்ள ஒரு வயதுபோன வெள்ளைக்காரப் பெண் வாசலில் நின்றா. அண்ணி என்னிடம், "தம்பி, உமக்குத்தானே பாசை தெரியும். இவற்ற பேரைக் குடும். உயிரோட இருக்கிறவையின்ட பக்கம்" என்றா. பின்னால் நின்று ஜெனி என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். "சித்தப்பா, பிளீஸ். உண்மையைச் சொல்லுங்கோ."

வாழ்க்கையில் நான் எத்தனை கதை அளந்திருக்கிறேன். ஆட்டுக்குட்டியைப் பறக்கவிட்ட வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை, அண்ணை. இறந்தவர் என்று சொன்னால் அண்ணியை உடைத்துப்போடுவேனோ, சொல்லாவிட்டால் ஜெனியை விட்டுவிடுவேனோ? கடைசியில் சொன்னேன். சவேரி, என் அண்ணன், இறந்துபோனார். அவ்வளவுதான் கொடுத்தேன். வேறு ஒரு பெயரும் நான் கொடுக்கவில்லை. இதை என் பிள்ளைகள் மேல் சத்தியமாய்ச் சொல்கிறேன்.

பூசையில் சுவாமி இறந்தவர்களை வாசித்தார். உங்கள் பெயர் வந்தது. அவர்கள் வாயில் "சவியே" என்று வந்தாலும் அண்ணிக்கு விளங்கியது. என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எழும்பி வெளியே போகக் காலை வைத்தா. அந்த நேரம் சுவாமி உயிரோடு இருக்கிறவர்களை வாசிக்கத் தொடங்கினார். முதல் பெயர், "பிலோமேன்."

பிலோமினா. எங்கள் அண்ணி.

அண்ணி அப்படியே நின்றா. பிறகு மெல்ல வாங்கில் உட்கார்ந்தா. "கேட்டனீரே தம்பி?" என்றா. "என்னை இந்தப் பக்கம் விட்டிட்டார்." அதற்குப் பிறகு அழுதா. அத்தனை மாதத்து அழுகையும் ஒன்றாய் வந்தது. ஜெனி அவவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது அண்ணியே, "ரயிலுக்கு நேரம் போகுது, கெதியா வாங்கோ" என்றா.

ரயிலில் ஜெனி என் தோளில் சாய்ந்து, "தாங்க்ஸ் சித்தப்பா. சூப்பர் ஐடியா" என்றாள்.

"நான் குடுக்கேல்லை, பிள்ளை."

"ஓகே, ஓகே" என்று கண்ணடித்தாள். முதன்முதலாய் உண்மையைச் சொல்கிறேன், ஒருத்தரும் நம்பவில்லை.

அவள் லண்டனில் இறங்கமுதலே எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டாள். அங்கேயும் பிலோமினா என்று ஒரு கிழவி இருக்கலாம்தான். இருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் பூசை முடிந்ததும் நான் அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய் பிலோமேன் என்ற பெயரைப் பற்றிக் கேட்டேன். இதை நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, அண்ணி இதில் வாசித்தால் வாசிக்கட்டும். உனக்கு முன்னால் வந்தவர்தான் கொடுத்தார் என்றா. யார் என்று கேட்டேன். என் முகத்தைக் காட்டி, இதே முகம், கொஞ்சம் மெலிவு என்றா. பிறகு தன் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக் காட்டினா. கை கொடுத்தாராம். கை நனைந்திருந்ததாம்.

அண்ணை, அது நீங்களா? நீங்கள் என்றால், அண்ணியைக் கூப்பிடத்தான் நின்றீர்களா, திருப்பி அனுப்பத்தான் நின்றீர்களா? முதலில் ஒன்றை நினைத்து, பூசையில் மனம் மாறினீர்களா? எனக்கு இது தெரிந்தாக வேண்டும் என்றில்லை. தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜெனி லீட்சுக்குப் போய்விட்டாள். அண்ணி வெள்ளைச் சேலை வாங்கியிருக்கிறா. சாமத்தியவீடு, கலியாணவீடு என்று போகிறா. என் மனிசியோடு சேர்ந்து என்னைப் பகிடி பண்ணுகிறா. சிரிக்கிறா, அண்ணை. போன ஞாயிறு தானே எழும்பிப் போய் உங்கள் பெயரைச் சரியான பக்கத்தில் கொடுத்துவிட்டு வந்தா.

அவவுக்கு ஏலாத காலம் வந்தால் அந்த வேலையை நான் செய்வேன். இறந்தவர்களை நினைக்கிற ஒவ்வொரு கார்த்திகை மாதமும், என் வாயாலே, சவேரி இறந்தவர் என்று, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பேன். இது சத்தியம். எங்களுக்காக நீங்கள் இனி எங்கேயும் போய்ப் பெயர் கொடுக்க வேண்டாம். அண்ணிக்குக் கொடுத்தது காணும், அதுவே போதும். என் பெயரை மட்டும் ஒருநாளும் கொடுத்துப்போடாதேயுங்கோ, அண்ணை. எந்தப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள் என்று காத்திருந்து கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

உங்கள் முகத்தோடு இன்னும் நோர்பரியில் நடமாடுகிற,
உங்கள் தம்பி
கிறகரி