மேடையில் போட்ட நாற்காலி

அன்பு மகள் ஷாலினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நலமாய் இருக்க ஏலாக்குறிச்சி மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை நம் ஏரி வரைக்கும் நீட்டப் போகிறார்களாம், அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் போன வாரம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்பெல்லாம் இப்படிக் கூட்டம் என்றால் அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஊர்ப் பெண்களோடு தரையில் உட்காருவார், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். அந்தப் பேருக்காகத்தான் ரிட்டயர் ஆனதும் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து சீட்டுக் கொடுத்தார்கள். உள்ளே போனால்தான் ஏரியைக் காப்பாற்ற முடியும் என்றார், நானும் நம்பித் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டேன். ஒன்றியத் தலைவரும் ஆகிவிட்டார். வாசலில் எந்நேரமும் கார், அவருக்குத்தான் தூக்கமில்லை.

இந்தத் தடவை அவருக்கு மேடையில் நாற்காலி. கட்சி மேலிடத்திலிருந்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வயிற்றுவலி என்று சொல்லிப் போகாமல் இருங்கள் என்றேன், கேட்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். எதிர்வீட்டு ஜெகதாம்பாள் எழுந்து, சுரங்கத்தில் வெடி வைத்து வைத்துத் தன் வீட்டுச் சுவர் பிளந்து கிடப்பதைச் சொல்லிவிட்டு, நீங்கதானே சார் எங்களுக்குப் பேசச் சொல்லிக் குடுத்தீங்க, இப்ப நீங்க பேசுங்க என்றாள். அப்பா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து மைக்கிடம் போய்விட்டேன். பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் அங்கே. குறிப்பெடுக்கிற பெண் கணவர் பேரையும் கேட்டாள், சவரிராஜ் என்றேன், மண்டபமே மேடையைத் திரும்பிப் பார்த்தது. ஏரி போனால் கிணறு போகும், சுரங்கம் வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறியிருக்கும். மறுநாள் கட்சி ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள் என்று, அது என் மனைவியின் சொந்தக் கருத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பொய் எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன் ஷாலினி. இப்போது அது நிஜமாகவே என் கருத்து மட்டும்தான். அதுதான் தாங்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடு, சளிக்குக் கஷாயம் போட்டுக் குடி. கடவுள் உங்களைக் காப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடமும் பேசு, பூசை முடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டீர்களா என்று கேள். மற்றதைக் கேட்க இங்கே நான் இருக்கிறேன்.

உன் அம்மா,
பாத்திமா மேரி