கட்டத்துக்குப் பக்கத்தில்

காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் தான் உருவாக்கிய இணையப் படிவத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். நிரப்பி அனுப்பினேன். உச்சியில் சிவப்பாக ஒரே வரி: ‘தவறு உள்ளது’. எங்கே தவறு, என்ன தவறு, ஒன்றுமில்லை. நிரப்பியதெல்லாம் அழிந்தும் போயிருந்தது. வள்ளென்று விழுந்தேன்.

“நான் பயன்படுத்துற ரெடிமேட் ஃபிரேம்வொர்க் அப்படித்தான்ப்பா காட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துல காட்டணும்னா நான் தனியா எழுதணும். இதுக்குப் போய் ஏன் டென்ஷன்?” என்றாள். அதன் காரணத்தை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், நண்பா. நீயும் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது.

எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பதிவு இலாகாவில், அடுத்தடுத்த கவுண்டரில் உட்கார்ந்து குடியுரிமை விண்ணப்பங்களை வாங்கினோமே. முதல் தவறைக் கண்டதும் நான் மேலே படிக்க மாட்டேன். அதை மட்டும் சொல்லிப் புதுப் படிவத்தை நீட்டிவிடுவேன். நீ கடைசிவரை படிப்பாய். தவறான ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில், என்ன வேண்டுமென்று பென்சிலால் தமிழில் எழுதி, அதே படிவத்தைத் திருப்பிக் கொடுப்பாய். வேறு வேலையில்லை உனக்கு என்று கேலி செய்திருக்கிறேன்.

ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த அம்மா ஒருவர். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டையை மாற்றி, குடிமக்களுக்கான நீல அட்டை கேட்டு வந்தார். மூன்று முறை அலையவிட்டேன். முதலில் பிறந்த ஊர் இல்லை. அடுத்து, கணவரின் அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. பிறகு, கைநாட்டு இடம் மாறியிருந்தது. மூன்றுமே முதல் படிவத்திலேயே இருந்த தவறுகள். ஒவ்வொரு முறையும் தோட்டத்து அலுவலகக் கிராணியைக் கெஞ்சி முதலிலிருந்து எழுதி வாங்கி, வேலைக்கு மட்டம் போட்டு, பஸ் ஏறி வந்தார்.

“எல்லாத்தையும் ஒரேயடியா சொன்னா வாயா வலிக்குது உனக்கு?” என்று நீ சீறினாய்.

நான்காம் முறை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே மோட்டார் சைக்கிளில் தேடிப் போனாய். மறுநாள் என்னிடம், “‘வேணாங்கய்யா, செவப்பு கார்டோடயே இருந்துட்டுப் போறேன்’னு சொல்லிட்டாங்க லா,” என்றாய். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றே நானும் பென்சில் எடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை, அவரிடமும், உன்னிடமும்.

மத்தியானம் மகளின் பக்கத்திலேயே நின்று, தவறுகள் எல்லாம் ஒரே தடவையில், அந்தந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் தெரியும்படி மாற்ற வைத்தேன். அப்படியும் மனம் அடங்கவில்லை. அந்த அம்மாவின் பெயர், தகப்பன் பெயர், பிள்ளைகளின் வயது, எல்லாக் கட்டமும் எனக்கு இன்னும் மனப்பாடம். முகம்தான் தெரியாது. மூன்று முறையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.