வாசலில் இரண்டு வியாபாரிகள்

ஏப்ரல் 6, தாஷ்கண்ட்

அலீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை உஜின், கொரியாவில் தேகு நகரத்துப் பையன். மதியத்துக்குள் குய்லுக் சந்தை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. என் மகள், என் கேரட் சாலட் கடை, நான்தான் பரப்பினேன்.

ஏப்ரல் 9

சம்பந்தியம்மாளோடு வீடியோவில் பேச்சு. நான் வீட்டில் பேசி வளர்ந்த கொரிய மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னேன். அந்தம்மாள் புரியாமல் சிரித்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள். அப்புறம் எல்லாமே அவன் வழியாகத்தான்.

1937இல் சோவியத் அரசு தூரக் கிழக்கில் குடியிருந்த எங்கள் கொரிய ஆட்களை ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து கொட்டியபோது கூடவே வந்த பேச்சு இது. அலீனாவுக்கு வராது; இன்றைய கொரியாக்காரர்களின் பேச்சை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். நாளைக்குப் பேரப்பிள்ளை பிறந்தால்? நான் வாய் திறந்ததும் அதுவும் சிரிக்குமா?

ஏப்ரல் 23

சேவலுக்குச் சொல்லியாயிற்று. எங்கள் வழக்கப்படி முழுசாக அவித்து வாயில் சிவப்பு மிளகாய் கவ்வவைத்த சேவல் மேஜையில் இல்லாமல் என் வீட்டில் கல்யாணமா!

மே 18

அப்பப்பா, என்ன நாள்!

தேகுவிலிருந்து உஜினும் அவன் அம்மாவும் ஆட்களோடு பெண்ணை அழைக்க வந்தார்கள். வழக்கப்படி நாங்கள் வாசலை மறித்தோம்: மாப்பிள்ளை வீடு விலை கொடுத்தால்தான் பெண் வெளியே வருவாள். அவர்களோ பெண்ணுக்குக் கொண்டுவந்த சீர்ப்பெட்டியைத் தெருவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் ஊரில் பெண் வீடுதான் பணம் கொடுத்து அந்தப் பெட்டியை உள்ளே வாங்க வேண்டுமாம்! இந்தப் பக்கமும் கை நீட்டல், அந்தப் பக்கமும் கை நீட்டல். பக்கத்துக் கடை ஸோயா என் காதில், "அக்கா, ரெண்டு பக்கமும் கடை விரிச்சாச்சு. வாங்கத்தான் ஆளைக் காணோம்" என்றாள்.

பேரம் பேசுவது என் தொழில். தெருவில் இறங்கினேன். உஜினை ஒதுங்கச் சொல்லிவிட்டு என் பேச்சிலேயே கேட்டேன்.

"சம்பந்தி, பெட்டி என்ன விலை?"

மகன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "பொண்ணு என்ன விலை?"

புரிகிறது! விலை என்றதும் எப்படிப் புரிகிறது பார்!

"காசு வேணாம் சம்பந்தி. பேரப்பிள்ளைய வருஷா வருஷம் கோடைக்கு எங்கிட்ட அனுப்பணும்."

"கோடை பூராவுமா? அப்ப நான்? ஒரு மாசம்."

"ரெண்டு."

"உங்க ஊரு வெயில்லயா? அப்ப நானும் கூட வருவேன்."

"வாங்க. கடையில நின்னு கேரட் சீவணும்."

சிரித்தாள். இந்தத் தடவை நானும். பெட்டி உள்ளே போனது, பெண் வெளியே வந்தாள்.

முடிந்த பேரம்: ஜூன், ஜூலை என்னிடம். விமானச் செலவு அவர்களுடையது, சாப்பாடு என்னுடையது. என் வீட்டில் இருக்கும்வரை பிள்ளைக்கு என் பேச்சுதான். சம்பந்திக்கும்.