அப்பா ஓட்டிய படகு

சிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே இருவரும் சௌக்கியம். அப்பா எவ்வளவு சௌக்கியம் என்றால், விடிந்ததிலிருந்து வாயை மூடவில்லை. ஆமாம், உன் அப்பாதான். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டு, நீ போன் செய்தாலே குளியலறைக்குள் புகுந்துகொள்ளும் அதே ஆள்தான். ரயில் நிலையத்தில் அத்தனை வருஷம் அறிவிப்புச் செய்த குரல் இப்போது துருப்பிடித்த கதவு மாதிரி கரகரக்கிறதே என்று அவருக்கு வெட்கம். பேசினால்தான் தேறும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டும் எருமை மேல் மழைதான்.

கீழ்வீட்டுத் தையல்காரரின் மருமகள் உள்ளூர் வானொலியில் நாடகம் போடுகிறாள் அல்லவா, சட்டை வாங்கப் போன இடத்தில் "பட்டன் ஒண்ணு குறையுது" என்று இவர் முனகியது அவள் காதில் விழுந்துவிட்டது. "மாமா, ஒரு வயசான படகுக்காரர் வேணும், உங்க குரல்தான் சரியா இருக்கும்" என்றாளாம். இவர் மாட்டேன் என்றுதான் தலையாட்டினார், அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் தினமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வசனத்தை முணுமுணுத்தார், வெளியே நின்று கேட்டே எனக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரடி ஒலிபரப்பு. நானும் உன் அத்தையும் ரேடியோ முன்னால் உட்கார்ந்தோம். அத்தைக்குக் காது மந்தம், அதனால் வைத்த சத்தத்தில் மாடி வீட்டு எலக்ட்ரீஷியன் சண்டை பிடிக்க இறங்கி வந்தார், விஷயம் தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கதை இதுதான். புயலில் அக்கரை போக வேண்டுமென்று ஒரு பெண் கெஞ்சுகிறாள், படகுக்காரர் மறுக்கிறார், மிச்ச நாடகம் முழுக்க அவள் கரையிலேயே தவிக்க வேண்டும். "இந்தக் காத்துல துடுப்பத் தொட மாட்டேன்" என்று ஆரம்பித்த அப்பாவுக்குப் பாதியில் இருமல் வந்துவிட்டது, நடிப்பு இருமல் இல்லை, அசல். இருமல் நின்றும் பேச்சு வரவில்லை, வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. அந்தப் பெண்ணாக நடித்தவள் கெட்டிக்காரி, "என்ன பெரியவரே, பயமா, இல்ல உடம்புக்கு முடியலையா?" என்று தானாகவே ஒரு கேள்வியைப் போட்டாள். "ரெண்டுந்தாம்மா. பரவால்ல, ஏறு, போகலாம்" என்றார் அப்பா.

அவ்வளவுதான், நாடகம் அங்கேயே முடிந்துபோனது. அவளும் வேறு வழியில்லாமல் ஏறிவிட்டாள். அடுத்த நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டிய வயலின்காரர் சுருதி சேர்ப்பதுகூட அப்படியே ரேடியோவில் வந்தது. பாவம், மிச்ச நேரத்தையும் சேர்த்து அவர்தான் ஒரே ராகத்தை இழுத்து இழுத்து வாசித்தார், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அத்தை மட்டும் நடுநடுவே, "அவ போய்ச் சேந்தாளா, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார் என்று பார்த்தால், படியேறும்போதே பேசிக்கொண்டு வருகிறார். தையல்காரர் மருமகள் முதலில் திட்டினாளாம், பிறகு சிரித்துவிட்டாளாம், அடுத்த நாடகத்தில் நீதிபதி வேஷமாம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு கேட்டது நம்ம சிட்டு கேட்ட மாதிரியே இருந்துச்சு, நான் எப்படி மாட்டேன்னு சொல்றது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே உனக்குப் போன் செய்யப் போகிறார். முதல் மணியிலேயே எடு. குரல் மாறிவிட்டதே என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே, அழவும் அழாதே, ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேள், அது போதும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகி, நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
பேச இடம் கிடைக்காமல் எழுத உட்கார்ந்த உன் அம்மா