தண்ணீர் ஊற்ற மறந்தது நான்தான், மரகதம்

என் மரகதத்துக்கு,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இங்கே டயகம தேயிலைத் தோட்டத்தில் மழை இன்னும் விட்டபாடில்லை. உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வருகிற கடுதாசியை எல்லாம் நான்தான் உனக்குப் படித்துக் காட்டுவேன். ஆனாலும் இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஒரு நாள் நாலு பேர் பார்க்க உன்மேல் பழியைப் போட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் நாலு பேர் அறியத்தானே நடக்க வேண்டும்?

முதலில் வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் விசாரிப்பாய். ஓடுகிறது. நீ உட்காரும் பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கமாக ஏறி இறங்க இப்போது யாரும் இல்லை.

தோட்டத்து லொறி ஓட்டினது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, நுவரெலியாவில் ஒரு பேக்கரிக்காரர் கழித்துவிட்ட அந்த வேனை நான் கொண்டுவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்குமே. உள்ளே பாண் வாசனை போகவே இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் முழுக்க வேடிக்கை பார்க்க வந்து நின்றது. தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா கூட வந்திருந்தார். நான் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் வண்டியைக் காணோம். ஹேண்ட் பிரேக்கை இழுக்கவில்லை. அது பின்னாலேயே உருண்டுபோய்க் கண்டாக்கு ஐயாவின் முட்டைக்கோவாப் பாத்திக்குள் இறங்கி நின்றது.

சிரிப்பு அடங்குவதற்குள் நீ பாத்தியில் இறங்கினாய். நசுங்காத கோவாக்களாகப் பொறுக்கி, மடியில் கட்டிக்கொண்டு போய்க் கண்டாக்கு வீட்டம்மாவிடம் கொடுத்தாய். “மன்னிச்சுக்கங்கம்மா. பழைய வண்டிதான், ஓட்டுறவருதான் அதுக்குப் புதுசு” என்றாய். அந்த அம்மா சிரித்துவிட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. என்னால் வந்த வெட்கத்தை எல்லாம் நீ இப்படித்தான் துடைத்துக்கொண்டே இருந்தாய். நான் அதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

பிரேக் எப்போதுமே சரியில்லை. ஏற்றத்தில் நிறுத்தினால் நீ மரக்கட்டையோடு குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அணை கொடுப்பாய். கிளம்பும்போது கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து ஏறுவாய். பட்டிப்பொல ஸ்டேஷனில் மரக்கறி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய அன்றைக்கு நீ கட்டையை உருவினாய். ஏறினாயா என்று நான் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு மூன்று மைல் பேசிக்கொண்டு வந்தேன். நம் மகள் பாக்கியத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், நோட்டன் பிரிட்ஜ் ஊரில் ஒரு பையன் இருக்கிறானாம், மின்சார வேலையாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “நீ என்ன சொல்ற?” என்று கேட்டேன். பதில் இல்லை. கோபமாக்கும் என்று நினைத்துச் சமாதானம் வேறு சொன்னேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

விழுந்துவிட்டாயோ என்று வழி முழுக்கப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன். நீ ஸ்டேஷன் பெஞ்சில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே வேலை செய்யும் சிங்களத்து அம்மாவோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாய். “மஹத்தயா, நோனாவை மறந்துட்டுப் போனதா?” என்று உன்னைக் காட்டி என்னிடம் உடைந்த தமிழில் கேட்டாள். நீ எழுந்து வந்து வண்டியில் ஏறினாய். “இவ்வளவு நேரம் யாருகிட்ட பேசிட்டுப் போனீங்க?” என்று மட்டும் கேட்டாய்.

இப்போதும் வண்டியில் பேசுகிறேன், மரகதம். திரும்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன மாதம் அக்கரப்பத்தனைக் கடைவீதியில் ஒரு கூத்து நடந்தது. ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, கட்டை வைக்க நானே இறங்கினேன். நான் பின்பக்கம் போவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. இந்த வயதில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினேன். கடைக்காரக் காசிம் நானா ஒரு மா மூட்டையைத் தூக்கிச் சக்கரத்தடியில் போட்டார். மூட்டை வெடித்து நானும் அவரும் வெள்ளை வெளேரென்று நின்றோம். பஸ்ஸுக்கு நின்ற சனம் கைதட்டியது. காசிம் நானா மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டையைத் தட்டிவிட்டு, “இனி தனியா இந்த வண்டிய எடுக்காதீங்க அண்ணே” என்றார். தனியாக இல்லாமல் வேறு எப்படி எடுப்பதாம்?

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பாக்கியத்தின் கல்யாணத்தன்று காலையில் நீ என்னிடம் கேட்டாய், “ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தினீங்களா?” என்று. பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளையின் மாமா வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் பொம்பளை என்னைக் கேள்வி கேட்கிறாளே என்றிருந்தது. “எல்லாம் ஊத்தியாச்சு, போய் ஏறு” என்றேன். ஊற்றவில்லை. தண்ணீர் டின்னை எடுத்து வைக்கவும் இல்லை.

ஹட்டன் தாண்டி, நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் வண்டி புகைந்து நின்றது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. மணப்பெண் உட்பட எல்லோரும் ரோட்டில் இறங்கி நின்றார்கள். “என்னங்க சம்பந்தி, தண்ணி பார்க்கலியா?” என்று மாமா கேட்டார். உன் பக்கம் திரும்பிக் கத்தினேன். “டின்ன எடுத்து வைன்னு காலையிலயே சொன்னேன்ல? ஒரு வேலைக்கு லாயக்கில்ல. மக கல்யாணத்துலயும் இப்படியா?”

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அப்புறம் மாமாவிடம் சொன்னாய், “ஆமாங்க, நாந்தான் மறந்துட்டேன்.”

சீர்வரிசையில் இருந்த பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு, பட்டுச் சேலையோடு ஓடைக்குள் இறங்கினாய். இரண்டு தடவை ஏறி இறங்கினாய். முழங்கால் வரை சேறு. முகூர்த்தம் தப்பிப் போனது. ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து அடுத்த நேரம் குறித்துக் கொடுத்தார். அது வரைக்கும் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் உன் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பொண்ணப் பெத்தவளுக்கே பொறுப்பில்ல” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. உன் காதிலும் விழுந்திருக்கும்.

அன்று தாலி கட்டி முடிந்ததும் சொல்லியிருக்கலாம். ஊர் திரும்பும்போது உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று பதினோரு வருஷம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அந்த மாமா, “அக்காகிட்ட வேலையக் கொடுத்தா மறந்துடுவாங்க” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். நானும் சிரித்தேன், மரகதம்.

நீ ஒரு நாள்கூட இதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அப்போதாவது கேட்டிருக்கக் கூடாதா? நீ கேட்டதெல்லாம் நான் சாப்பிட்டேனா என்றுதான்.

உன் வருஷத் திதிக்குப் பாக்கியமும் அவள் மாமியாரும் வந்திருந்தார்கள். படையல் முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார்: “உங்க வீட்டம்மா தங்கமானவங்க. அன்னைக்கு அந்தத் தண்ணிய மறந்தாங்களே, அதத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது.”

உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

“மறந்தது அவ இல்லீங்க. நான். அவ காலையிலயே கேட்டா. ஊத்திட்டேன்னு நான் பொய் சொன்னேன்.”

எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்த பாக்கியம் அப்படியே நின்றாள்.

“அம்மா எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாளு தங்கினதில்லப்பா. எனக்குப் புள்ள பொறந்தப்பகூட பார்த்துட்டு அன்னைக்கே திரும்பிட்டாங்க. என் மேல பாசமில்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இதனாலதானாப்பா?”

நான் என்ன சொல்வது? எனக்கே தெரியாதே. நீ ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லையே.

சாயங்காலம் புறப்பட்டார்கள். ஜங்ஷன் வரைக்கும் வேனில் விடுகிறேன் என்றேன். “வேணாம்பா, நடந்துக்கிறோம்” என்றாள் பாக்கியம். மழையில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மாமியார் கையைப் பிடித்தபடி இறங்கிப் போனாள். வளைவில் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. அதற்கப்புறம் கடுதாசியும் இல்லை.

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. முன்பு நீ மட்டும் இல்லாத வீடாக இருந்தது. இப்போது மகளும் வராத வீடாகிவிட்டது. ஆனாலும் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிறேன். பஸ்ஸில்தான். அந்த மாமாவைப் பார்ப்பேன். அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்களில் யார் யார் இருக்கிறார்களோ, அவரவர் வாசலில் நின்று நானே என் வாயால் சொல்வேன். அப்புறம் மகள் வீட்டுக்குப் போவேன். உள்ளே வாங்க என்றால் போவேன். சொல்லாவிட்டால் வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும். அவள் கூப்பிடும் வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
நம் பாக்கியத்தைப் பெற்ற அப்பன்,
சின்னையா